ஃபைபர் கனெக்டர்: முனையோடு முனை முட்டுவதா, நடுவில் லென்ஸ் வைப்பதா?

இழைமணி எழுதியது:

ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழைகளை, அதாவது ஃபைபர்களை, இணைக்கப் புதிதாக ஒரு கனெக்டரை வடிவமைக்க உட்காருபவர்கள் இன்னமும் இரண்டு கண்ணாடி முனைகளை நேருக்கு நேர் அழுத்துவதையே முதல் வழியாக ஏன் எடுத்துக்கொள்கிறார்கள்? என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல ஃபைபர்களை ஒரே தலையில் அடுக்கும் கனெக்டர்களிலாவது இனி லென்ஸ் வைத்து, ஒளிக்கற்றையை விரித்து அனுப்பும் முறைக்கு மாற வேண்டும்.

கணக்கு எளியது. சிங்கிள்மோடு ஃபைபரில் (ஒளி ஒரே வழியில் ஓடும் வகை) ஒளி பரவி ஓடும் வட்டத்தின் விட்டம் 1310 நானோமீட்டர் அலைநீளத்தில் சுமார் 9.2 மைக்ரான். சிவப்பணுவை விடச் சற்றே பெரியது, அவ்வளவுதான். இரண்டு பக்க மையங்களும் 1 மைக்ரான் விலகினால் 0.2 டெசிபல் (ஒளி இழப்பை அளக்கும் அலகு) போய்விடும். 2 மைக்ரான் விலகினால் 0.8. விலகல் இரட்டித்தால் டெசிபல் நான்கு மடங்கு. கையால் செருகிக் கழற்றும் ஒரு பொருளில் இந்த 1 மைக்ரானை வருடக்கணக்கில் காப்பாற்றச் சொல்கிறோம்!

அதே கற்றையை எட்டு மடங்கு விரியுங்கள். விட்டம் 74 மைக்ரான் ஆகிறது, 0.2 டெசிபல் இழக்க 8 மைக்ரான் விலக வேண்டும். நேரடி முட்டலில் 5 மைக்ரான் தூசி ஒன்று கோர் (ஃபைபரில் ஒளி ஓடும் நடுப்பகுதி) மேல் உட்கார்ந்தால் இணைப்பே கெட்டுவிடும். 74 மைக்ரான் கற்றையில் அந்தத் தூசி மறைப்பது மிகச் சிறு பங்கு. முனைகள் தொடுவதே இல்லை, ஆகவே கீறலும் இல்லை.

நுண்ணளவு எழுதியது:

பாதிக் கணக்கைத்தான் போட்டிருக்கிறீர்கள். மீதியை நான் போடுகிறேன்.

கற்றையை விரித்தால் பக்கவாட்டு விலகலில் கிடைக்கும் தாராளம் கோணத்தில் திரும்பப் பிடுங்கப்படும். கண்ணாடி முனைகள் ஒட்டியிருக்கும் இணைப்பில் 1 டிகிரி சாய்வுக்கு ஏறக்குறைய 0.34 டெசிபல் இழப்பு. எட்டு மடங்கு விரித்துக் காற்றில் அனுப்பினால் அதே இழப்புக்கு 0.18 டிகிரி சாய்வே போதும். ஃபைபரை நடுத்துளையில் பிடித்திருக்கும் சிர்கோனியா பீங்கான் ஃபெருலுக்குச் சாய்வு ஒரு பிரச்சினையே இல்லை. 2.5 அல்லது 1.25 மி.மீ விட்டமுள்ள நீண்ட உருளை அது, இருபக்க ஃபெருல்களையும் பிடிக்கும் குழாயான ஸ்லீவுக்குள் முழு நீளமும் உட்கார்ந்திருக்கும். உங்கள் லென்ஸ் தட்டுக்கு அந்த நீளம் ஏது?

அந்த ஸ்லீவைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எவ்வளவு அழகான தீர்வு என்று. சிறிய குழாய், ஒரு பக்கம் நெடுக வெட்டியிருப்பார்கள். உள்விட்டம் ஃபெருலை விடச் சில மைக்ரான் குறைவு. ஃபெருல் உள்ளே போகும்போது அந்த வெட்டு சற்றே விரிகிறது, குழாய் சுற்றிலும் இறுக்கிப் பிடிக்கிறது. இடைவெளி என்று ஒன்று இல்லாததால் ஆட்டமும் இல்லை. இரண்டு ஃபெருல்களும் ஒரே அச்சுக்குத் தானாக வந்துவிடுகின்றன. இதில் திருகவோ சரிசெய்யவோ ஒன்றும் கிடையாது. எஸ்சி, எஃப்சி, எஸ்டி, எல்சி என்ற கனெக்டர் வகைகள் எல்லாமே இந்த ஒரே யோசனையில் நிற்பவை.

களத்துக்காரர் எழுதியது:

தினமும் ஃபைபர் முனையை ஸ்கோப்பில் (நுண்ணோக்கியில்) பார்ப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் இருவரும் பேசும் மைக்ரான் விலகலால் கெட்ட இணைப்பு என்று என்னிடம் வருபவை குறைவு. வருபவற்றில் பெரும்பாலானவை அழுக்கு.

ஸ்கோப்பில் அது எப்படித் தெரியும் தெரியுமா? 125 மைக்ரான் கிளாடிங், அதாவது கோரைச் சுற்றியுள்ள கண்ணாடி உறை, சாம்பல் வட்டமாகத் தெரியும், நடுவில் கோர் சிறு புள்ளி. துடைக்காமல் செருகிக் கழற்றிய முனையில் நடுப்பகுதியைச் சுற்றித் துகள்கள் நசுங்கிச் சிதறிக் கிடக்கும். சில இடங்களில் கண்ணாடியிலேயே சிறு குழி விழுந்திருக்கும். அதன் பிறகு எவ்வளவு துடைத்தாலும் குழி போகாது. எதிர்ப்பக்க முனையிலும் அதே இடத்தில் அதே குழி இருக்கும். ஒரு கெட்ட பேட்ச் கார்டு (இரு முனையிலும் கனெக்டர் உள்ள கேபிள்), அது தொட்ட ஒவ்வொரு போர்ட்டையும் கெடுத்துக்கொண்டே போகும். முனைகள் தொடாத கனெக்டரில் இந்தத் தொற்று நடக்காது. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இழைமணி பக்கம்.

நுண்ணளவு எழுதியது:

தூசியை நான் மறுக்கவில்லை. துடைத்து, ஸ்கோப்பில் பார்த்து, பிறகு செருகினால் நீங்கள் சொல்லும் குழி விழாது. அது வேலைமுறை சார்ந்த குறை. அதற்காக இயற்பியலை மாற்ற வேண்டியதில்லை.

முனைகள் ஏன் தொட வேண்டும் என்பதையும் பார்ப்போம். கண்ணாடிக்கும் காற்றுக்கும் நடுவிலுள்ள ஒவ்வொரு பரப்பும் சுமார் 3.5 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். இணைப்பில் இடைவெளி விழுந்தால் இப்படி இரண்டு பரப்புகள், சுமார் 0.3 டெசிபல் இழப்பு. அதைவிடப் பெரிய தலைவலி, திரும்பிப் போகும் ஒளி லேசரைக் குலைப்பது. அதனால்தான் ஃபெருல் முனையைத் தட்டையாக விடாமல் 10 முதல் 25 மி.மீ ஆரமுள்ள மெல்லிய குவிவாகப் பாலிஷ் செய்கிறோம். பின்னாலிருக்கும் ஸ்பிரிங் அழுத்தும்போது கண்ணாடி நுனி மிக நுண்ணிய அளவில் அமுங்கி, எதிர் நுனியோடு காற்றில்லாமல் ஒட்டிக்கொள்கிறது. ஃபைபர் ஃபெருல் பரப்பிலிருந்து 50 நானோமீட்டர் உள்ளே போயிருந்தாலும் அந்த அமுங்கலில் சரியாகிவிடும். இப்படி மிக நன்றாகப் பாலிஷ் செய்த யூபிசி வகை முனையில் திரும்பும் ஒளி, வந்த ஒளியை விட 50 டெசிபலுக்கும் மேல் குறைந்துவிடும். 8 டிகிரி சரிவாகப் பாலிஷ் செய்த ஏபிசி வகையில் 60-க்கும் மேல். லென்ஸ் பரப்பில் எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு போட்டு இந்த அளவை எட்டிக் காட்டுங்கள், பிறகு பேசலாம்.

இழைமணி எழுதியது:

பேசலாம். எல்லா இணைப்புக்கும் 60 டெசிபல் தேவையா? தொலைதூர இணைப்புகளுக்கும், ஒரே ஃபைபரில் வீடியோ அனுப்பும் அமைப்புகளுக்கும் தேவை, ஒப்புக்கொள்கிறேன். ஒரே அறைக்குள் சில மீட்டர் ஓடும் இணைப்புக்கு அதையே கேட்பது வீண் செலவு.

நீங்கள் ஒற்றை ஃபெருலின் அழகைப் பாடுகிறீர்கள். நான் பேசுவது பல ஃபைபர்களை ஒரே தலையில் அடுக்கும் எம்பிஓ கனெக்டரைப் பற்றி. அங்கே ஸ்லீவ் கிடையாது. கண்ணாடித்தூள் கலந்த பிளாஸ்டிக்கில் வார்த்த செவ்வகத் தலை, 0.25 மி.மீ இடைவெளியில் 12 ஃபைபர், இரு ஓரத்திலும் 0.7 மி.மீ உலோகப் பின். எல்லாத் துல்லியமும் அந்த இரண்டு பின்களும் துளைகளும் பார்த்துக்கொள்ள வேண்டும். 12 முனைகளும் ஒரே நேரத்தில் தொட வேண்டும் என்றால், அவை தலையிலிருந்து வெளியே நீட்டியிருக்கும் உயரம் ஒன்றுக்கொன்று மைக்ரானின் சிறு பங்குக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒன்று குட்டையாக இருந்தால் அதில் காற்று. ஃபைபர் எண்ணிக்கையைக் கூட்டினால் அழுத்தும் விசையையும் கூட்ட வேண்டும். 10 நியூட்டன் ஸ்பிரிங்கோடு 20 நியூட்டன் ஸ்பிரிங்கும் வந்தது இப்படித்தான். இந்தப் பாதையில் எவ்வளவு தூரம் போவீர்கள்? ஒரு மின்சுற்றுப் பலகையில் நூற்றுக்கணக்கான ஃபைபர்களை இணைக்கும்போது அந்த விசையெல்லாம் சேர்ந்து பலகையையே வளைக்கும். தொடாத முறைக்கு அந்த விசை தேவையே இல்லை.

களத்துக்காரர் எழுதியது:

பின்னைச் சுற்றி ஒரு வளையமாகத் துகள் சேர்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை செருகும்போதும் பின் துளையின் ஓரத்தைச் சுரண்டும். முனையை மட்டும் துடைத்துவிட்டுப் பின்னை விட்டால் அடுத்த முறை செருகும்போது அந்தத் துகள் முனைக்கே வரும்.

ஒளிமலர் எழுதியது:

நான் இத்துறையில் படித்துக்கொண்டிருக்கிறேன். ஸ்பிளைஸ் செய்தால், அதாவது இரண்டு ஃபைபர் முனைகளை உருக்கி நிரந்தரமாக ஒட்டினால், 0.05 டெசிபலுக்குள் முடிகிறது. அதே ஃபைபர், அதே விலகல் விதி. கனெக்டரில் மட்டும் ஏன் இவ்வளவு சிரமம்?

நுண்ணளவு எழுதியது:

நல்ல கேள்வி, விவாதத்தின் நடுப்புள்ளியே அதுதான். நல்ல ஸ்பிளைஸ் இயந்திரம் கோரைப் பார்த்து நேராக்குகிறது. கனெக்டர் கோரைப் பார்ப்பதே இல்லை. ஃபெருலின் வெளிப்பரப்பைப் பிடித்துக்கொண்டு, கோர் நடுவில்தான் இருக்கும் என்று நம்புகிறது.

அந்த நம்பிக்கை எங்கெல்லாம் சறுக்கும் என்று பாருங்கள். கிளாடிங்கின் நடுவிலிருந்து கோர் 0.6 மைக்ரான் வரை தள்ளியிருக்கலாம், தரவிதி அதை அனுமதிக்கிறது. ஃபைபர் நுழைய வேண்டும் என்பதற்காக ஃபெருலின் துளை 125-ஐ விடச் சற்றுப் பெரிதாக இருக்கும். 126 என்றால் ஃபைபர் அரை மைக்ரான் ஒரு பக்கம் சாய்ந்து எப்பாக்ஸி பசையில் இறுகிவிடும். துளையே ஃபெருலின் நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளியிருக்கலாம். எல்லாம் ஒரே திசையில் சேர்ந்து, எதிர்ப்பக்கத்தில் நேர் எதிர்த்திசையில் சேர்ந்தால் மொத்தம் 3 மைக்ரான், அதாவது 1.8 டெசிபலுக்கு மேல். நடைமுறையில் திசைகள் கலந்து வருவதால் அவ்வளவு போகாது. ஆனாலும் அதை அதிர்ஷ்டத்துக்கு விடாமல் இருக்க ஒரு வழி உண்டு. கோர் எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்று அளந்து, ஃபெருலைத் திருப்பி, அந்தப் பக்கம் கனெக்டரின் மேற்பக்கத்தைக் காட்டும் சாவிமேட்டை நோக்கும்படி வைத்துவிடலாம். பக்கவாட்டில் வைத்தால் காரியம் கெடும். இரண்டு கனெக்டர்களும் முகத்தோடு முகம் பார்ப்பதால் ஒன்றின் இடது மற்றதன் வலதாகி விலகல் இரட்டிக்கும். மேல்நோக்கி வைத்தால் இருபுறமும் ஒரே திசைக்கு வந்து ஒன்றையொன்று ஈடுகட்டும்.

ஒளிமலர் எழுதியது:

புரிந்தது. அப்படியானால் லென்ஸ் கனெக்டரில் இந்தச் சறுக்கலெல்லாம் எட்டு மடங்கு மன்னிக்கப்படுமா?

நுண்ணளவு எழுதியது:

மன்னிக்கப்படாது, இழைமணி இதைத்தான் சொல்லாமல் விட்டார். லென்ஸின் குவியத்திலிருந்து ஃபைபர் 1 மைக்ரான் தள்ளி நின்றால் விரிந்த கற்றை அதற்கேற்பச் சாய்ந்து வெளியே வரும். எதிர்ப்பக்கம் அதைத் திரும்பக் குவிக்கும்போது புள்ளி 1 மைக்ரான் தள்ளி விழும். இழப்பு அதே 0.2 டெசிபல். லென்ஸ் வாங்கித் தரும் சலுகை இரண்டு தலைகளுக்கு நடுவில் மட்டுமே. ஃபைபருக்கும் லென்ஸுக்கும் நடுவில் அதே பழைய மைக்ரான் காத்துக்கொண்டிருக்கிறது.

இழைமணி எழுதியது:

முழுக்க உண்மை. என் வாதத்துக்கு அதுதான் அடித்தளம். அந்த மைக்ரானை எங்கே வைப்பது என்பதே கேள்வி. நேரடி முட்டலில் அது பயனர் ஒவ்வொரு முறை செருகும் இடத்தில் இருக்கிறது: தூசி படும், தேயும், வெப்பத்தில் நகரும். சிர்கோனியா கண்ணாடி ஃபைபரைப் போல ஏறத்தாழ இருபது மடங்கு விரியும் பொருள். நடுவில் எப்பாக்ஸி தளர்ந்தால் ஃபைபர் மெல்ல உள்ளே வழுக்கும். லென்ஸ் முறையில் அந்த மைக்ரான் தொழிற்சாலைக்குள் போய்விடுகிறது. அங்கே ஒளியை ஓடவிட்டு, அளந்துகொண்டே ஃபைபரை நகர்த்தி, உச்சம் கிடைத்த இடத்தில் பசையை இறுக்கலாம். ஒரு முறை இறுகியதை அதன் பிறகு யாரும் தொடப்போவதில்லை. மிகக் கடினமான வேலையைக் கருவியும் நேரமும் உள்ள இடத்தில் செய்து முடிப்பதுதானே நல்ல வடிவமைப்பு?

களத்துக்காரர் எழுதியது:

அதே. களத்தில் கிடைக்கும் வெளிச்சத்தில், முழங்காலிட்டு, ஒரு கையால் கேபிளைப் பிடித்துக்கொண்டு செருகுபவரிடம் மைக்ரானை ஒப்படைக்காதீர்கள். பழைய எஸ்டி கனெக்டரில் கேபிளை லேசாக இழுத்தாலே மீட்டரில் முள் ஆடும். ஃபெருலும் உடம்பும் கேபிளோடு சேர்ந்து நகரும். எஸ்சியில் ஃபெருலை உடம்பிலிருந்து விடுவித்து மிதக்க விட்டார்கள், கேபிளை இழுத்தாலும் முனைகள் பிரியவில்லை. கையின் முரட்டுத்தனத்தை முனையிடமிருந்து பிரித்ததுதான் அங்கே முன்னேற்றம். லென்ஸ் அதன் அடுத்த படி.

நுண்ணளவு எழுதியது:

எஸ்சி உதாரணம் எனக்கும் பிடித்தது. நேரடி முட்டலுக்குள்ளேயே அந்தத் தீர்வு கிடைத்தது என்பதையும் கவனியுங்கள்.

அடுத்து வருவது பல கோர் ஃபைபர். ஒரே கிளாடிங்குக்குள் நான்கு, ஏழு கோர்கள். நடுவிலிருந்து 40 மைக்ரான் தள்ளியிருக்கும் கோர், ஃபைபர் 1 டிகிரி சுழன்றால் 0.7 மைக்ரான் நகரும். இதற்கு லென்ஸ் என்ன செய்யும்? வட்டச் சமச்சீருள்ள லென்ஸுக்கு முன்னால் சுழற்றினாலும் பின்னால் சுழற்றினாலும் விளைவு ஒன்றுதான். படத்தைப் பெரிதாக்கினால் கோர்களுக்கு நடுவிலுள்ள தூரமும் சேர்ந்தே பெரிதாகும். சுழற்சிப் பிழையில் உங்களுக்கு ஒரு சலுகையும் கிடையாது. அங்கே சாவியும் சாவிப்பள்ளமும் எவ்வளவு இறுக்கமாகப் பொருந்துகின்றன என்பதுதான் எல்லாம், அது இயந்திர வேலை.

இழைமணி எழுதியது:

சுழற்சியில் லென்ஸ் உதவாது, சரி. அது இடைஞ்சலும் செய்யாது. தூசியிலும் அழுத்து விசையிலும் கிடைக்கும் லாபம் அப்படியே நிற்கிறது.

நுண்ணளவு எழுதியது:

கடைசியாக ஒரு கேள்வி, இதற்குப் பதில் கிடைத்தால் நான் இறங்கி வருகிறேன். எல்சியை யார் செய்தாலும் மற்றவர் செய்த எல்சியோடு சேரும். தரநிலையில் பி தரம் என்றால், எந்தக் கனெக்டரை எந்தக் கனெக்டரோடு கலந்து செருகினாலும் சராசரி 0.12 டெசிபலுக்குள், 97 சதவீத இணைப்புகள் 0.25-க்குள் இருக்க வேண்டும். அளவுகோலாகப் பொறுக்கி எடுத்த மிகத் துல்லியமான கேபிளோடு (மாஸ்டர் கார்டு) சேர்த்து அளந்த எண் அல்ல இது. இரண்டு வெவ்வேறு தயாரிப்பாளர்களின் லென்ஸ் தலைகளை இப்படிக் கலந்து செருகி அளந்த முடிவைக் காட்டுங்கள். கற்றையின் அகலம், குவியத் தூரம், தலைகளுக்கு நடுவிலான இடைவெளி இவையெல்லாம் இருவருக்கும் ஒன்றாக இருந்தால்தான் அது நடக்கும்.

இழைமணி எழுதியது:

கலந்து செருகும் சோதனையை நானும் ஏற்கிறேன். ஒரு நிபந்தனை: இரண்டு வகையையும் முதலில் துடைத்துச் செருகி அளப்போம், பிறகு ஒரே அளவு தூசி போட்டுத் துடைக்காமல் செருகி மீண்டும் அளப்போம். இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும்.

களத்துக்காரர் எழுதியது:

மூன்றாவது அட்டவணையும் வேண்டும்: தூசியோடு செருகியதைக் கழற்றித் துடைத்த பிறகு எவ்வளவு மீள்கிறது என்று. எனக்கு மிகவும் தேவைப்படும் எண் அதுதான்.

நுண்ணளவு எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். மூன்றிலும் திரும்பும் ஒளியையும் அளக்க வேண்டும். இழப்பை மட்டும் அளந்தால் பாதிதான் தெரியும்.