சரக்கு டிரெய்லரை கேம்பராக்கும் வேலை: புதுப்பிப்பு

எங்கள் சின்ன சரக்கு டிரெய்லரை கேம்பராக, அதாவது பயணத்தில் உள்ளேயே தங்கும் வண்டியாக மாற்றி வருகிறேன். அதற்குள் நாலு பேர் படுக்க அடுக்குக் கட்டில் போடப்போவதாக முன்பு எழுதியிருந்தேன். கட்டில் முடிந்தது, ஓர் இரவு தங்கியும் பார்த்தோம். விடியும்போது சுவரின் இரும்புச் சட்டங்களில் நீர் முத்து முத்தாக நின்றது. சட்டங்களுக்கு நடுவே குளிரைத் தடுக்கும் ஃபோம் பலகை ஒட்டிய நான், சட்டங்களை வெறுமனே விட்டிருந்தேன். குளிர்ந்த இரும்பில் எங்கள் மூச்சின் ஈரம் படிந்துவிட்டது. இப்போது அவற்றின் மேலும் மெல்லிய ஃபோம் ஒட்டி, கூரையில் காற்றை வெளியேற்றும் விசிறியும் கீழே ஒரு காற்றுத் திறப்பும் வைத்திருக்கிறேன்.

அப்புறம், பின்கோடியில் இருந்த 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை சக்கர அச்சுக்குச் சற்று முன்னால் நகர்த்தினேன். நிறைந்தால் தண்ணீர் மட்டுமே 80 கிலோ. பின்பாரம் கூடினால் ஓட்டத்தில் டிரெய்லர் பக்கவாட்டில் ஆடும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் டிரெய்லரை இழுக்கும் வண்டியோடு சேர்க்கும் இணைப்புக் கொக்கியில் இறங்க வேண்டும். எனக்கு 12 வந்தது. குடும்பத்தோடு போகும் வண்டி, இதை மட்டும் கண்மதிப்பில் விட மனம் வரவில்லை.

சமையல் மேடை இன்னும் பாக்கி.