தாண்டவன்வெளி குடும்பக் குழு: டிலான் குடித்த மண்சாடி வைன்

டிலான் (திபிலிசி, ஜோர்ஜியா): [படம்]

டிலான்: நேற்று வகுப்புப் பெடியன்களோடு சிக்நாகி போனேன். ககேத்தி மாகாணம். திபிலிசியிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம். ஜோர்ஜியாவில் வைனுக்குப் பேர் போன பக்கம் இதுதான்.

ரஞ்சி மாமி: கிளாஸில் என்ன மகன், பிளேன்ரீயா?

டிலான்: வைன் மாமி. வெள்ளைத் திராட்சை வைன். ர்கசிதெலி என்று ஒரு இனம்.

அன்ரன் மாமா: வெள்ளை வைன் என்றால் வெளிறின மஞ்சள்தானே மருமகன்? இது ஏன் இப்படிச் சிவந்து கிடக்குது?

டிலான்: தோலோடு ஊறினதால் மாமா. மற்ற நாடுகளில் பெரும்பாலும் வெள்ளை வைனுக்குப் பழத்தைப் பிழிந்ததும் சாற்றை மட்டும் எடுத்துக்கொண்டு தோலை எறிந்துவிடுவார்கள். இங்கே தோல், விதை, முற்றின காம்பு எல்லாவற்றையும் சாற்றோடு சேர்த்து மண்சாடிக்குள் போட்டு ஐந்தாறு மாதம் விடுகிறார்கள். சாடிக்குப் பெயர் க்வெவ்ரி. கழுத்து வரைக்கும் நிலத்துக்குள் புதைத்திருக்கும். பெரிய சாடியைக் கழுவுவதற்கு ஆள் உள்ளே இறங்க வேண்டும்.

அம்மா: பரீட்சை எப்போது?

டிலான்: அடுத்த மாதம் அம்மா. படிக்கிறேன்.

அன்ரன் மாமா: மண்சாடி கசியாதா?

டிலான்: சாடியைச் சூடாக்கி உள்பக்கம் தேன்மெழுகு பூசுகிறார்கள். உருகி மண்ணின் துளைகளுக்குள் இறங்கிவிடும்.

அன்ரன் மாமா: ஓ, நம்மட ஆட்கள் கள்ளு முட்டிக்குச் சுண்ணாம்பு தடவுகிற மாதிரி.

டிலான்: அது வேறு மாமா. சுண்ணாம்பு தடவினால் புளிக்காமல் இனிப்பாகவே நிற்கும். மெழுகு புளிப்பதை நிறுத்தாது. கசிவை மட்டும்தான் மறிக்கும்.

அன்ரன் மாமா: சரி. ஆனால் காலையில் இறக்கின கள்ளு மறுநாள் வாயில் வைக்க ஏலாது. இது மாதக்கணக்கில் எப்படிக் கெடாமல் கிடக்குது?

டிலான்: நானும் இதைத்தான் அங்கே கேட்டேன். கள்ளு முட்டியின் வாய் திறந்தே கிடக்கும், காற்றுப் பட்டுக் காடியாகிவிடும். இங்கே நுரைத்துப் பொங்கும் நாட்களில் மேலே மிதக்கும் தோலை நீட்டுக் கோலால் ஒரு நாளைக்குப் பல தடவை அமுக்கிவிடுகிறார்கள். பொங்கல் அடங்கித் தோல் கீழே இறங்கின மறுகா மூடி போட்டு, ஓரமெல்லாம் களிமண் பூசி அடைத்துவிடுவார்கள். நிலத்துக்குள் இருப்பதால் வெயிலும் பனியும் அண்டாது. திராட்சையின் புளிப்பும் தோலின் துவர்ப்பும் சேர்ந்து காக்கும். இன்னொன்று, சாடியின் அடி கூர். விதையெல்லாம் அந்தக் கூருக்குள் போய்த் தங்க, அதற்கு மேல் தோல் படிந்துவிடும். விதையின் கசப்பு வைனில் அவ்வளவாக ஏறாது.

அன்ரன் மாமா: மூளைக்காரன்கள்தான்.

ஜோர்ஜ் பெரியப்பா: [படம்] இனிய காலை வணக்கம்

ரஞ்சி மாமி: அத்தான், இப்போது இரவு எட்டு மணி 😄

சுமி அக்கா: தம்பி, உலகத்திலேயே பழைய வைன் அங்கேதானாமே? 8,000 வருடம் என்று வாசித்தேன்.

டிலான்: ஓம் அக்கா. திபிலிசிக்குத் தெற்கே பழைய ஊர்மேடுகளில் கிடைத்த சாடித் துண்டுகளில் திராட்சை வைனின் எச்சம் இருந்தது. கிட்டத்தட்ட கி.மு. 6000. அந்த ஆய்வு 2017இல் வந்தது. க்வெவ்ரி முறையை யுனெஸ்கோ 2013இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் கடைக்காரர் எல்லோரும் இந்தக் கதையைச் சொல்லியே விற்கிறார்கள். இன்றைக்கு இங்கே செய்யும் வைனில் பெரும்பங்கு ஸ்டீல் தாங்கியில்தான். லேபிளில் க்வெவ்ரி என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

அன்ரன் மாமா: அவ்வளவு பழசு என்றால் நாம் ஏன் கேள்விப்படவில்லை?

டிலான்: ஜோர்ஜியா சோவியத்துக்குள் இருந்த காலத்தில் வைனெல்லாம் ரஷ்யப் பக்கமே போய்விட்டது. 1985இல் சோவியத் தலைவர் கோர்பச்சேவின் மதுக் கட்டுப்பாட்டில் திராட்சைத் தோட்டங்களையும் பிடுங்கினார்கள். 2006இல் ரஷ்யா ஜோர்ஜியா வைனுக்குத் தடை போட்டது, 2013 வரைக்கும். வேறு நாட்டில் விற்க வேண்டி வந்த பிறகுதான் தரத்தில் கண் வைத்தார்கள். தடை ஒரு விதத்தில் நல்லது செய்தது என்பது என் எண்ணம்.

ரஞ்சி மாமி: வரலாறு போதும் மகன். ருசியைச் சொல்லு.

டிலான்: மாமி கேட்டது சரிதான், சாயம் கூடின பிளேன்ரீதான். முதல் வாயில் நாக்கு இழுத்துப் பிடிக்கும். பெடியன்கள் முகத்தைச் சுளித்துக் கிளாஸை வைத்துவிட்டார்கள். அப்புறம் பொரித்த கத்தரிக்காய்க்குள் வால்நட் விழுது வைத்துச் சுருட்டிக் கொடுத்தார்கள். அதில் ஒரு கடி, இதில் ஒரு வாய், அவ்வளவுதான், துவர்ப்பு அடங்கிக் காய்ந்த பழ வாசம் எழும்பிவிட்டது. இது சும்மா குடிக்கிற சாமான் இல்லை, சாப்பாட்டோடுதான்.

டிலான்: சிவப்பில் சப்பெராவி. அந்தத் திராட்சையை வெட்டினால் சதையும் சிவப்பு. வைன் கறுப்பாகவே இருக்கும், சட்டையில் பட்டால் போகாது. அதே பழத்தில் கின்ட்ஸ்மராவுலி என்று அரை இனிப்பு வைனும் இருக்கிறது.

ரஞ்சி மாமி: கிறிஸ்மஸுக்கு ஒரு போத்தல் கொண்டு வா. பாரைக் குழம்போடு வைப்போம்.

டிலான்: மீனோடு சிவப்பு வேண்டாம் மாமி. சிவப்பு வைனில் உள்ள இரும்பு மீனோடு சேர்ந்தால் வாயில் வெடுக்கு அடிக்கும். உறைப்புக்கும் துவர்ப்பு ஆகாது, எரிவு கூடும். உங்கள் கைக் குழம்புக்கு எந்த வைனும் தாங்காது 😂 ஆட்டிறைச்சிக் கறிக்கு அந்த அரை இனிப்புச் சரி. கத்தரிக்காய்ப் பொரியலுக்குச் சாடி வைன்.

அம்மா: இரண்டு போத்தல் போதும். உடுப்புக்குள் சுற்றிப் பெரிய பெட்டியில் வை. கைப்பையில் விடமாட்டார்கள்.

அன்ரன் மாமா: வைன் எடுத்த பிறகு அந்தச் சக்கையை என்ன செய்கிறார்கள்?

டிலான்: அதைக் காய்ச்சி வடிப்பார்கள் மாமா. சச்சா என்று பெயர். மதுசாரம் 40 வீதத்துக்கு மேல்.

ரஞ்சி மாமி: ஒருவருக்கும் அது வேண்டாம். இவருக்குப் பிரஷர் குளிசை இப்போதுதான் கூட்டியிருக்கிறார்கள்.

அன்ரன் மாமா: சும்மா கேட்டேன்.