நார்த் வெஸ்ட் கம்பெனி 1821-இல் ஹட்சன்ஸ் பே கம்பெனிக்குள் போனது ஏன்?

கேள்வி: வடதிசை

வணக்கம். காலனி காலக் கனடாவின் ரோமத் தோல் வணிகத்தைப் பற்றிப் படித்து வருகிறேன். 1670-இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் கொடுத்த சாசனத்தோடு ஹட்சன்ஸ் பே கம்பெனி உட்கார்ந்திருந்தது. மாண்ட்ரியலிலிருந்து இயங்கிய நார்த் வெஸ்ட் கம்பெனிக்காரர்களிடம் சாசனம் எதுவும் கிடையாது. ஆனாலும் மெக்கென்சி, ஃபிரேசர், டேவிட் தாம்சன் என்று கண்டத்தையே அளந்த ஆட்கள் நார்த் வெஸ்ட் கம்பெனியில்தான் இருந்தார்கள். இணையும்போது அவர்களிடம் 97 நிலையங்கள், எதிராளியிடம் 76. அப்படியிருந்தும் நிலைத்தது ஹட்சன்ஸ் பே பெயர்தான். 1816-இன் செவன் ஓக்ஸ் சண்டையும், செவ்வாற்றில் குடியேற்றம் அமைத்த செல்கிர்க் பிரபுவும் மட்டும்தான் காரணமா? இன்னொன்று: துப்பாக்கியை நிறுத்தி வைத்து, அதன் உயரத்துக்குத் தோலை அடுக்கி விலை வாங்கினார்கள் என்பது உண்மையா?

பதில்: கணக்குப்பிள்ளை

சண்டையைப் பார்ப்பதற்கு முன்னால், போட்ட மூலதனம் எத்தனை மாதம் முடங்கிக் கிடந்தது என்று பாருங்கள். மெக்கென்சியே இந்தக் கணக்கை எழுதி வைத்திருக்கிறார். 1796 அக்டோபரில் லண்டனுக்குச் சரக்கு கேட்டு எழுதுகிறார்கள். 1797 மார்ச்சில் அது கப்பலேறி, கோடையில் மாண்ட்ரியல் வருகிறது. அதைச் சிப்பம் கட்டி முடிக்கவே குளிர்காலம் ஆகிவிடும். 1798 மே மாதம் மாண்ட்ரியலை அடுத்த லாஷீனிலிருந்து கனூ படகுகள் புறப்படும். சரக்கு தோலாக மாறுவது 1798-99 குளிர்காலத்தில். அந்தத் தோல் 1799 செப்டம்பரில் மாண்ட்ரியல் திரும்பி, 1800 வசந்தத்தில் லண்டனில் ஏலம் போய், மே, ஜூனில்தான் பணம் கைக்கு வரும். மொத்தம் மூன்றரை ஆண்டுக்கு மேல். முதல் சுற்றின் பணம் வருவதற்குள் அடுத்தடுத்த ஆண்டுகளின் சரக்குக்கும் கடன் வாங்கியாக வேண்டும்.

இப்போது படகைப் பாருங்கள். மாண்ட்ரியலிலிருந்து சுப்பீரியர் ஏரி வரை போன பெரிய கனூ ஏறக்குறைய 36 அடி நீளம், 8 முதல் 10 ஆட்கள். மெக்கென்சி தரும் பட்டியலில் 65 சிப்பம் சரக்கு, 600 பவுண்டு பிஸ்கட், 200 பவுண்டு பன்றி இறைச்சி, 3 புஷல் பட்டாணி இருக்கின்றன. கூடவே இழுகயிறு, கோடரி, கெட்டில், தண்ணீர் இறைக்க ஒரு ஸ்பாஞ்சு, ஓட்டை அடைக்கப் பிசினும் பிர்ச் பட்டையும் தைக்க வேரும். சிப்பம் ஒன்று சுமார் 90 பவுண்டு. அருவி வந்தால் ஒரு ஆள் இரண்டைத் தூக்க வேண்டும், நெற்றியில் வார் போட்டு. உடல் பலத்தைத் தவிர வேறு எந்திரம் கிடையாது. படகோ வெறும் மரப்பட்டை. பாறையில் ஒரு உரசல் போதும், கரையேற்றிப் பிசின் உருக்கி ஒட்டும் வரை பயணம் நிற்கும்.

சுப்பீரியர் ஏரிக்கரையின் ஃபோர்ட் வில்லியமில் (1803-க்கு முன் கிராண்ட் போர்ட்டேஜில்) சரக்கு 25 அடி சிறு கனூவுக்கு மாறும். தொலைதூர வடமேற்கின் அத்தபாஸ்கா பகுதி ஆட்கள் அதுவரை வந்து திரும்பினால் ஆறு உறைந்துவிடும் என்பதால் ரெய்னி ஏரியில் அவர்களுக்கென்று தனிக் கிடங்கு வைத்தார்கள்.

எதிராளியான ஹட்சன்ஸ் பே கம்பெனியின் கப்பல் நேராக ஹட்சன் விரிகுடாக் கரையின் யார்க் ஃபேக்டரிக்கே வந்து நின்றது. கண்டத்தின் நடுப்பகுதிக்கு அங்கிருந்து உள்ளே போகும் தூரம் மாண்ட்ரியல் வழியோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. இந்த ஒரு வசதியை மாண்ட்ரியல்காரர்களால் எந்தத் திறமையாலும் ஈடுகட்ட முடியவில்லை. மெக்கென்சி இதை முன்கூட்டியே கண்டவர். ஹட்சன் விரிகுடா வழியைத் தங்களுக்கும் திறக்க வேண்டும் என்று அவர் வாதாடிக்கொண்டே இருந்தார்.

பதில்: பிர்ச்பட்டை

மேலே சொன்னது சரி. ஆனால் செவன் ஓக்ஸை ஒதுக்கிவிட முடியாது. அந்த வணிகத்தின் வயிறே காய்ந்த இறைச்சியும் கொழுப்பும் கலந்த பெம்மிக்கன் என்ற உணவுதான். பன்றி இறைச்சியும் பட்டாணியும் சுப்பீரியர் ஏரியோடு தீர்ந்துவிடும். அதற்கு அப்பால் துடுப்பு போடுகிறவன் நின்று வேட்டையாடினால் பயண நாள் கைவிட்டுப் போகும்.

செய்முறை: காட்டெருமை இறைச்சியை மெல்லிய பட்டையாக அரிந்து வெயிலிலோ நெருப்பிலோ மொறுமொறுவென்று காய வைப்பார்கள். பிறகு இடித்துப் பொடியாக்கி, முடி வெளிப்பக்கம் இருக்கும்படி தைத்த எருமைத் தோல் பையில் போட்டு, உருக்கிய கொழுப்பை ஊற்றிக் கிளறுவார்கள். பொடியும் கொழுப்பும் ஏறத்தாழ சரிபாதி. பை ஆறுவதற்குள் தட்டையாக்கினால் படகில் அடுக்க வசதி. இதுவும் 90 பவுண்டுதான். இறைச்சியில் ஈரம் தங்கினால் பூஞ்சை பிடித்துவிடும். சரியாகச் செய்தது ஆண்டுக்கணக்கில் கெடாது. ஒரு ஆளுக்கு நாளுக்குப் புது இறைச்சி 8 பவுண்டு வேண்டிய இடத்தில் இது ஒன்றரைப் பவுண்டு போதும்.

இதைச் செய்து கொடுத்தவர்கள் செவ்வாற்றுப் பக்கத்து மெட்டிஸ் மக்களும் (ஐரோப்பிய, முதற்குடிக் கலப்பு வழியினர்) முதற்குடி மக்களும். பெரும்பாலான உழைப்பு பெண்களுடையது. தாம்சன் பெயரையும் ஃபிரேசர் பெயரையும் சொல்லும் இடத்தில் இவர்களையும் சொல்லத்தான் வேண்டும்.

1811-இல் செல்கிர்க் பிரபு ஹட்சன்ஸ் பே கம்பெனியிடமிருந்து அசினிபோயா என்று 1,16,000 சதுர மைல் வாங்கினார். அது சரியாக இந்த உணவுக் களஞ்சியத்தின் மேலேயே விழுந்தது. அவருடைய ஆளுநர் மைல்ஸ் மக்டொனல் 1814 ஜனவரி 8 அன்று, ஓராண்டுக்குப் பெம்மிக்கன் வெளியே போகக் கூடாது என்று ஆணை போட்டார். குடியேறியவர்கள் பட்டினி கிடந்தார்கள், உண்மைதான். ஆனால் நார்த் வெஸ்ட் கம்பெனிக்கு அது கழுத்தில் கயிறு. மெட்டிஸ் மக்களுக்குச் சொந்த மண்ணில் சொந்தப் பொருளை விற்கத் தடை.

1816 ஜூன் 19 அன்று செவன் ஓக்ஸில், கத்பர்ட் கிராண்ட் தலைமையில் பெம்மிக்கன் கொண்டுபோன மெட்டிஸ் ஆட்களை ஹட்சன்ஸ் பே ஆளுநர் ராபர்ட் செம்பிள் ஆட்களோடு போய் மறித்தார். செம்பிளும் அவர் பக்கத்தில் 20 பேரும் இறந்தார்கள். மெட்டிஸ் பக்கம் ஒருவர். ஆகஸ்டில் செல்கிர்க் கூலிப்படையோடு வந்து ஃபோர்ட் வில்லியமையே பிடித்துக்கொண்டார். அதன் பிறகு வழக்கு மேல் வழக்கு. ஏற்கெனவே மூன்றரை ஆண்டுக் கடனில் ஓடும் கம்பெனிக்கு அது எப்படித் தாங்கும்?

பதில்: கணக்குப்பிள்ளை

துப்பாக்கிக் கேள்வி விட்டுப்போனது. உயரத்துக்குத் தோல் அடுக்கியது கட்டுக்கதை. ஹட்சன்ஸ் பே கம்பெனி 'மேட் பீவர்' என்ற அலகில் கணக்கு வைத்தது. குளிர்காலத்தில் பிடித்த, நன்கு பதப்படுத்திய, வளர்ந்த பீவரின் (ஆற்றில் அணை கட்டும் விலங்கு) ஒரு தோல் ஒரு அலகு. மற்ற எல்லாத் தோலுக்கும் சரக்குக்கும் அதிலேயே விலை. துப்பாக்கி, இடத்தையும் காலத்தையும் நீளத்தையும் பொறுத்து 10 முதல் 14 வரை போயிற்று. தோலைக் கொண்டுவந்த கிரீ வணிகர்கள் பேரத்தில் தேர்ந்தவர்கள். பிரெஞ்சுக்காரர் பக்கத்தில் இருந்தால் இங்கே நல்ல விலை கறப்பார்கள். கெட்டில் இலேசாக இருந்தால் வாங்காமலே திருப்பிவிடுவார்கள்.

வடதிசை

மிக்க நன்றி இருவருக்கும். ஒன்று மட்டும் புரியவில்லை. தோல்களைச் சீனாவுக்கு அனுப்பி மீண்டிருக்க முடியாதா? இணைப்பில் நார்த் வெஸ்ட் ஆட்கள் நடுத்தெருவுக்கு வந்துவிட்டார்களா?

பதில்: பிர்ச்பட்டை

சீனாவில் நம் ஊர்ப் பக்கம் ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனி வழிமறித்தது. பிரிட்டிஷ் கப்பல்களுக்குக் கான்டன் வணிகம் அவர்களுடைய ஏகபோகம். அதைச் சுற்றிப்போக, பாஸ்டன் வணிகர்களின் கப்பலில் தோலை ஏற்ற வேண்டியிருந்தது. லாபத்தில் அவர்களுக்கும் பங்கு.

இரண்டாவதற்குப் பதில், யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பங்காளி ஒப்பந்தம் 1822-இல் முடிய இருந்தது. ஆண்டு லாபத்தை ஆண்டுதோறும் பிரித்துக்கொண்டதால் கையிருப்பு இல்லை. காட்டில் குளிர்காலம் கழித்த பங்காளிகள் மாண்ட்ரியல் முதலாளிகள் மேல் நம்பிக்கை இழந்து, ஜான் மெக்லாக்லினையும் ஆங்கஸ் பெத்யூனையும் லண்டனுக்கு அனுப்பித் தனியாகப் பேச ஆரம்பித்தார்கள். மாண்ட்ரியல் முதலாளிகளான மக்கில்லிவ்ரே தரப்பின் பேரம் அத்தோடு தளர்ந்தது. 1821 மார்ச்சில் கையெழுத்து.

புதிய கம்பெனியின் 100 பங்கில் 40 களத்தில் இருந்தவர்களுக்கு. அந்த 40-ஐ 85 கூறாக்கினார்கள். தலைமை ஃபேக்டர்கள் (களத்தின் மூத்த பொறுப்பாளர்கள்) 25 பேருக்கு ஆளுக்கு 2, தலைமை வணிகர்கள் 28 பேருக்கு ஆளுக்கு 1, மீதி 7 பழைய ஊழியர்களுக்கு. ஃபேக்டர்களில் 15 பேரும் வணிகர்களில் 17 பேரும் பழைய நார்த் வெஸ்ட் ஆட்கள். ஆக, காட்டில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். மாண்ட்ரியல் வழி கைவிடப்பட்டது, துடுப்புக்காரர்களுக்கு வேலை போனது, மக்கில்லிவ்ரே வணிக இல்லம் 1825-இல் திவாலானது.