கலர் மேட்ச்சிங்: ‘பொருத்தம்’ போதாது, ‘நிறவொப்பு’ வேண்டும்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கார் பெயிண்ட் பயிற்சிக் கையேட்டின் சொற்பட்டியலில் ‘கலர் மேட்ச்சிங்’ என்பதற்கு ‘நிறப் பொருத்தம்’ என்று போன மாதம் நான்தான் எழுதியிருந்தேன். நீங்களும் சரி என்று விட்டுவிட்டீர்கள். இப்போது அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இடையில் என் வண்டிக்கே பெயிண்ட் அடிக்க வேண்டி வந்தது. இரண்டு பட்டறைகளில் நின்று வேலையைப் பார்த்த பிறகு, அந்தச் சொல் நம்மைத் தப்பான பக்கம் கூட்டிப்போகிறது என்று தெளிவாகத் தெரிந்துவிட்டது.

நடந்ததைச் சொல்கிறேன். என்னுடையது வெள்ளி நிற வண்டி. பின்கதவில் ஒரு பைக் உரசி, ஒரு முழம் நீளத்துக்குத் தகரம் உள்ளே போய்விட்டது. முதலில் கொடுத்த பட்டறையில் டிங்கரிங், பட்டி, பிரைமர் எல்லாம் குறை சொல்ல முடியாத வேலை. சாயங்காலம் ஏழு மணிக்கு டியூப்லைட் வெளிச்சத்தில் வண்டியைக் காட்டினார்கள். எது பழைய கதவு, எது புதுசு என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை வெயிலில் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தால், முன்கதவு வெள்ளி, பின்கதவு ஈயம். அதிலும் நேர் எதிரே நின்றால் அவ்வளவாகத் தெரியவில்லை. பின்பம்பர் ஓரமாக நின்று சாய்வாகப் பார்த்தால் பட்டையாகத் தனியே தெரிந்தது. திரும்பக் கொண்டுபோனேன். “கோடு பார்த்துத்தானே சார் கலந்தோம், பொருத்தமாத்தானே இருக்கு” என்றார் அங்கிருந்தவர். (கோடு என்று அவர் சொன்னது வண்டியின் நிறத்துக்கான குறியீட்டு எண்ணை.)

அவர் சொன்ன அந்த வார்த்தைதான் என்னை உறுத்தியது. ‘பொருத்தம்’ என்றால் தமிழில் என்ன? சேலைக்கு ரவிக்கை பொருத்தம். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பத்துப் பொருத்தம். வேறு வேறாக இருக்கும் இரண்டு சேர்ந்து நன்றாக இருப்பதைத்தான் பொருத்தம் என்கிறோம். மாம்பழ மஞ்சள் சேலைக்கு அரக்கு ரவிக்கை பொருந்தும். இரண்டும் ஒரே நிறம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். காரில் கேட்பது வேறு. பக்கத்துத் தகரத்திலிருந்து பிரித்துக் காட்டவே முடியாத நிறம் வேண்டும். ஆங்கிலத்தில் ‘மேட்ச்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலையையும் செய்கிறது. தமிழில் நமக்கு இரண்டு சொல் இருக்கும்போது, தப்பான ஒன்றை நான் எடுத்துவிட்டேன்.

என் பரிந்துரை: நிறவொப்பு. மரம், அடி சேர்ந்து மரவடி ஆவது போல நிறம், ஒப்பு சேர்ந்து நிறவொப்பு. ‘ஒத்திருக்கிறது’, ‘ஒப்பு நோக்கினேன்’, ‘ஒப்பற்ற’ என்று நாம் அன்றாடம் புழங்கும் வேர்தான். சமமாக இருப்பது என்ற பொருள் அதில் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு வண்டிக்கென்றே கலந்து தரும் பெயிண்டுக்கு இதிலிருந்தே ‘ஒப்புக்கலவை’ என்று சொல்லலாம்.

இதைத் தனி மடலில் இரண்டு பேரிடம் சொன்னேன். வந்த மறுப்புகளை அவர்கள் அனுமதியோடு இங்கே வைக்கிறேன்.

> “ஒப்புக்குச் சப்பாணி, ஒப்புக்குச் செய்தான் என்கிறோமே. ‘ஒப்புக்கலவை’ என்றால் பேருக்குக் கலந்தது என்று ஆகிவிடாதா?”

நியாயமான கேள்வி, அண்ணா. ‘ஒப்புக்கு’ என்று தனியே நிற்கும்போது அந்த வாடை வருகிறது, மறுக்கவில்லை. ஒரு சொல்லாகச் சேர்ந்து நிற்கும்போது எனக்கு வரவில்லை. கையேட்டில் முதல் தடவை வரும் இடத்தில் ‘நிறவொப்புக் கலவை’ என்று முழுசாக எழுதிவிட்டு, பிறகு சுருக்கிக்கொண்டால் போதும் என்று நினைக்கிறேன்.

> “பெயிண்டர்களே ‘கலர் ஒட்டலை’ என்றுதானே சொல்கிறார்கள்? அவர்கள் வாயில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு நாம் ஏன் புதுசாகச் செய்ய வேண்டும்?”

இது எனக்கு ரொம்பப் பிடித்த மறுப்பு. ‘ஒட்டலை’ நல்ல சொல். புதுக் கதவு வண்டியோடு ஒட்டாமல் தனியாக நிற்பதை அப்படியே காட்டுகிறது. இந்தக் கையேட்டில் மட்டும் அதைப் போட முடியாது. பிரைமர் தகரத்தைப் பிடிப்பதும், கிளியர் (மேலே அடிக்கும் நிறமில்லாத பூச்சு) பேஸை (அதற்குக் கீழே இருக்கும் நிறப்பூச்சு) பிடிப்பதும் ‘ஒட்டுதல்’ என்று மூன்றாம் பாடத்திலேயே வந்துவிடுகிறது. ‘பெயிண்ட் ஒட்டவில்லை’ என்று படிக்கும் பையனுக்குப் பெயிண்ட் உரிகிறதா, நிறம் வேறாகத் தெரிகிறதா என்று குழம்பும். ஒன்றுக்கு மருந்து தேய்க்கும் வாட்டர் பேப்பர், மற்றதற்கு மருந்து கலவையில் சேர்க்கும் நிறச்சாறான டின்டர். ஒரே சொல் இரண்டுக்கும் நிற்கக்கூடாது.

சரி, கலவைக்கு வருகிறேன். கோடு பார்த்துக் கலந்தால் நிறம் வந்துவிடும் என்ற எண்ணம் நம் பட்டியலிலும் இருக்கிறது. ‘வண்ணக் குறியீடு’ என்று போட்டுவிட்டு மேலே போய்விட்டோம். டொயோட்டா வண்டியில் கதவுத்தூணிலோ பானட்டுக்குக் கீழோ இருக்கும் தகட்டில் ‘சி/டிஆர்’ என்ற இடத்துக்கு எதிரே குறியீடு இருக்கும். 040 என்றால் வெள்ளை, 1எஃப்7 என்றால் வெள்ளி. ஹோண்டாவில் என்எச்-578 ஒரு வெள்ளை. இந்த எண்ணைக் கொடுத்தால் மிக்ஸிங் கடையில் கம்ப்யூட்டர் ஒரு பார்முலா தரும். கிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் தராசில் ஒவ்வொரு டின்டராக ஊற்றுவார்கள். ஆனால் ஒரே கோடுக்கு நாலைந்து வகை இருக்கும். வண்டி எந்தத் தொழிற்சாலையில், எந்தத் தடவை கலந்த பெயிண்டில் வந்தது என்பதைப் பொறுத்து ஒன்று கொஞ்சம் நீலம் தட்டும், ஒன்று மஞ்சள் தட்டும், ஒன்றில் அலுமினியத் துகள் பெரிசாக இருக்கும். அதன்மேல் வண்டி எத்தனை வருஷம் வெயிலில் நின்றது என்ற கணக்கு வேறு. ஆகவே கோடு ஊரைத்தான் காட்டுகிறது. வீட்டைத் தேடிக் கண்டுபிடிப்பது பெயிண்டரின் வேலை. அந்தத் தேடலுக்குத்தான் நிறவொப்பு என்று பெயர் வைக்கச் சொல்கிறேன்.

அந்தத் தேடலை இரண்டாவது பட்டறையில் கண்ணால் பார்த்தேன். பெரியவர் ஒருவர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வந்தவுடன் கதவைத் தொடவில்லை. பக்கத்து முன்கதவில் உள்ளங்கை அகலத்துக்குப் பாலிஷ் போட்டுத் துடைத்தார். மேலே படிந்த அழுக்கும் மங்கலும் போனால்தான் உண்மையான நிறம் வெளியே வரும் என்றார். பிறகு கலவையை அடியோடு கலக்கினார். அலுமினியத் துகள் டப்பாவுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். தபால் அட்டை அளவில் மூன்று தகர அட்டைகள். ஒவ்வொன்றின் மூலையிலும் கறுப்புவெள்ளைக் கட்டம் ஒட்டியிருந்தது. அந்தக் கட்டம் மறையும் வரை பேஸ் அடித்தால்தான் கீழே இருக்கும் நிறம் எட்டிப்பார்க்காது. வண்டிக்கு அடிக்கும் அதே ஸ்ப்ரே கன், அதே காற்று. முதல் அட்டையை ஈரமாக அடித்தார், இரண்டாவதைக் கொஞ்சம் தள்ளி நின்று வறட்சியாக அடித்தார். கலவை ஒன்றுதான், ஆனால் ஈரமாக அடித்தது கறுத்துவிட்டது, வறட்சியாக அடித்தது வெளுத்துவிட்டது. ஈரத்தில் துகள்கள் அமிழ்ந்து கண்டபடி திரும்பிக்கொள்கின்றன. வறட்சியில் மேலாகப் படுத்துக்கொண்டு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகின்றன. மூன்றுக்கும் கிளியர் அடித்துக் காயவைத்தார். கிளியர் ஏறாமல் நிறத்தை முடிவு பண்ணக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். அப்புறம் அட்டைகளை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்து, முன்கதவில் வைத்துப் பிடித்தபடி அரைவட்டமாக நடந்தார். நேரே பார்த்தார், சாய்ந்து பார்த்தார், நிழலில் ஒரு தடவை, வெயிலில் ஒரு தடவை. “கார்டு அடிக்காம வண்டியில கன்னை வைக்கவே கூடாது” என்றார்.

இந்த அட்டைக்கு நம் பட்டியலில் ‘தெளிப்புச் சோதனை அட்டை’ என்று இருக்கிறது. நீளத்தை விடுங்கள், அதைவிட நல்ல சொல் ஒன்று நம்மிடம் பல நூற்றாண்டாக இருக்கிறது. மச்சம். பொன்னின் மாற்றை, அதாவது தரத்தை, பிறகு ஒத்துப்பார்ப்பதற்காக வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளும் மாதிரித் துணுக்குக்கு அதுதான் பெயர். சுந்தரர் கதை எல்லோருக்கும் தெரியும். திருமுதுகுன்றத்தில் கிடைத்த பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் போடுவதற்கு முன் மச்சம் வெட்டி வைத்துக்கொண்டார். திருவாரூர்க் குளத்தில் அதை எடுத்தபோது அந்த மச்சத்தோடு உரைத்துப் பார்த்துத்தான் மாற்றுக் குறைந்திருப்பதைக் கண்டார்கள். அங்கே மாற்றுரைத்த பிள்ளையார் இன்றும் இருக்கிறார். மூலத்தின் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, வந்த பொருள் அதேதானா என்று பார்ப்பது. பெயிண்டர் தெருவில் நின்று செய்ததும் அதே வேலைதான். கதையில் மச்சம் மூலத்தின் துண்டு, பட்டறையில் அட்டை புதுக்கலவையின் துண்டு. இந்தத் திருப்பம் எனக்கும் தெரிகிறது. உரைத்துப் பார்க்கும் துணுக்கு என்ற அளவில் சொல் தாங்கும் என்று நம்புகிறேன்.

யாழ்ப்பாணத்து நண்பர் உடனே ஒன்று சொன்னார்: அவர்கள் பக்கம் ‘மச்சம்’ என்றால் மீன், இறைச்சிச் சாப்பாடு. இங்கே உடம்பில் இருக்கும் மச்சம் வேறு. அதனால் தனியே விடாமல் ‘நிறமச்சம்’ என்று போடலாம். (பெயிண்டுக்கே அவர்கள் ‘தீந்தை’ என்று அழகான சொல் வைத்திருக்கிறார்கள். நம் பட்டறைகளில் ‘பெயிண்ட்’ ஊறிவிட்டது. கையேட்டின் முதல் பக்கத்திலாவது தீந்தையைச் சேர்க்க வேண்டும் என்பது என் ஆசை.)

அடுத்தது ‘மெட்டமெரிசம்’. டியூப்லைட்டில் ஒன்றாகவும் வெயிலில் வேறாகவும் தெரிவது. வேறு வேறு நிறமிகளால் ஆன இரண்டு கலவைகள் ஒரு வெளிச்சத்தில் மட்டும் கண்ணுக்கு ஒன்றுபோல் ஆகிவிடுகின்றன. என் கதவின் ஏமாற்றத்தில் பாதி இது. ‘நிறமயக்கம்’ என்று பேராசிரியர் ஐயா தந்திருந்தார். தொல்காப்பிய வாசனை உள்ள சொல்தான், ஆனால் மயங்குவது பார்ப்பவர் என்று ஆகிவிடுகிறது. கோளாறு பெயிண்டில் இருக்கிறது. ஐயா பொறுத்துக்கொண்டால், ‘நிறப்போலி’ என்று சொல்லிப் பார்க்கிறேன். இலக்கணத்தில் பந்தல் என்ற இடத்தில் பந்தர் வந்தாலும் பொருள் மாறுவதில்லை. ஒன்றின் இடத்தில் இன்னொன்று நிற்கிறது, அது போலி. தெருவில் போலி என்றால் பார்க்க அசல் மாதிரி, உண்மையில் அசல் இல்லை. டியூப்லைட்டில் இலக்கணப் போலி, வெயிலில் தெருப்போலி. இரண்டு பொருளும் ஒரு சொல்லில் இவ்வளவு சரியாக உட்காருவது அடிக்கடி கிடைக்காது. ‘இந்தக் கலவை நிறப்போலி, வெயிலில் பார்’ என்று ஒரு மாஸ்டர் பையனிடம் சொல்ல முடியும்.

‘டெல்டா ஈ’ பற்றி ஒரு வரி. 1976-இல் வந்த அளவுமுறையில் வெளுப்புகறுப்பு, சிவப்புபச்சை, மஞ்சள்நீலம் என்று மூன்று அச்சு. இரண்டு நிறங்கள் அந்த வெளியில் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதே அந்த எண். ஈ என்பது உணர்வைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. ‘நிற வேறுபாடு’ என்பதைவிட ‘நிறத்தொலைவு’ சரியாக இருக்கும். தொலைவு சுழியை நெருங்க நெருங்க ஒப்பு கூடுகிறது, பையன்களுக்கும் புரியும்.

முடியாமல் நிற்பது ஒன்றுதான்: ‘ஃப்ளாப்’. மெட்டாலிக் பெயிண்ட் நேரே ஒரு மாதிரி, சாய்ந்தால் ஒரு மாதிரி தெரிவது. என் கதவின் மீதிப் பாதி இது. இதற்காகவே நிறமானிகளில் 15, 45, 110 பாகைகளில் அளக்கிறார்கள். நேர்நிறம், சாய்நிறம் என்று இரண்டு முனைகளுக்கும் பெயர் வைத்துவிட்டேன். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும் அந்தக் குணத்துக்குச் சொல் இல்லை. ‘கோணநிறமாற்றம்’ என்று எழுதிப் பார்த்தேன், வாயில் நிற்கவில்லை.

ஒரு யோசனை இருக்கிறது. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் போட்டு நெய்த பட்டு, மடிப்பைத் திருப்பினால் நிறம் மாறும். மயில்கழுத்து என்கிறோமே, அது. ஆனால் மயில்கழுத்து ஒரு நிறத்தின் பெயர். அந்தத் திரும்பும் குணத்தை நெய்கிறவர்கள் தங்களுக்குள் என்னவென்று சொல்கிறார்கள்? காஞ்சிபுரம், ஆரணி, திருபுவனம் பக்கம் தறி வைத்திருக்கும் வீடுகள் யாருக்காவது தெரிந்தால் தயவுசெய்து கேட்டு எழுதுங்கள். ‘டபுள் ஷேடு’ என்று சொன்னால் அதையும் எழுதுங்கள், ஆனால் வீட்டில் வயதானவர்களையும் ஒரு தடவை கேட்டுவிட்டு. அடுத்த வாரக் கடைசி வரை அந்தப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
கையேட்டுக் குழுவிலிருந்து