ஜிபி, ஃபார்மசி, வைட்டமின் டி: வெளிநாட்டில் படிக்கும்போது உடம்பைப் பார்த்துக்கொண்ட கதைகள்

கிளாஸ்கோ, முதுகலை
முதல் வருட நவம்பர். வெள்ளிக்கிழமை ராத்திரி நீர்க்கடுப்பு பிடித்துக்கொண்டது. ஊராக இருந்தால் தெருமுனை மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டிருப்பேன். இங்கே டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் கேட்டால் தரமாட்டார்கள். ஜிபியை, அதாவது நம் பேரில் பதிவான குடும்ப டாக்டரை, திங்கள்கிழமைதான் பார்க்க முடியும். "ஃபார்மசிக்குப் போ, அவங்களே பார்ப்பாங்க" என்றாள் அறைத்தோழி.

மறுநாள் காலையில் போனேன். வரிசையில் நிற்கும் ஆட்கள் முன்னால் இதை எப்படிச் சொல்வது என்று கூச்சம். விஷயத்தை லேசாக ஆரம்பித்ததுமே ஃபார்மசிஸ்ட் பக்கத்துச் சின்ன அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். காய்ச்சல் உண்டா, விலாப்பக்கம் வலிக்கிறதா, கர்ப்பமா, அடிக்கடி வருமா என்று வரிசையாகக் கேட்டார். எதற்காவது ஆமாம் என்றிருந்தால் டாக்டரிடம் அனுப்பியிருப்பாராம். மூன்று நாள் மாத்திரை கொடுத்தார். பர்ஸை எடுத்தேன், காசு வேண்டாம் என்றுவிட்டார். ஸ்காட்லாந்தில் 2020-லிருந்து இருக்கும் 'ஃபார்மசி ஃபர்ஸ்ட்' திட்டம் இது. இலவசம் என்று கூச்சப்படவும் வேண்டாம். விசாவோடு வருடத்துக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டித்தானே வந்திருக்கிறோம்!

லீட்ஸ், இளங்கலை
அக்கா, இங்கிலாந்தில் மாத்திரைக்குக் காசு உண்டு, பெரியவர்களுக்கு ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு. ஆனால் ஜிபி பதிவு இலவசம்தான். காய்ச்சல் வந்த பிறகு பதிவு செய்ய ஓடாமல் வந்த வாரமே முடித்துவிடுவது நல்லது. நான் பதிவு செய்த அன்றே நர்ஸ் மூளைக்காய்ச்சல் (மெனிஞ்சைட்டிஸ்) தடுப்பூசி போட்டாயா என்று கேட்டார். மென்ஏசிடபிள்யூஒய் என்று பெயர். 25 வயதுக்குள் முதல்முறை யூனிவர்சிட்டி சேர்கிறவர்களுக்கு இலவசம். விடுதியில் நெருக்கமாக இருப்பதால் சீக்கிரம் பரவும் நோயாம்.

அப்புறம் வைட்டமின் டி. டிசம்பரில் மாலை நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. எல்லாருக்கும் குளிர்காலத்தில் தினம் 10 மைக்ரோகிராம் என்கிறார்கள், நம் நிறத்துக்கு வருடம் முழுக்கவே. சூப்பர்மார்க்கெட்டிலேயே மலிவாகக் கிடைக்கும்.

ஆகன், ஜெர்மனி
இங்கே ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடை மூடிக்கிடக்கும். பயப்பட வேண்டாம், கதவில் ஒட்டியிருக்கும் தாளில் அன்றைக்கு முறை எந்தக் கடைக்கு என்று இருக்கும். ராத்திரியானால் அங்கேயும் மணி அடித்துச் சின்ன ஜன்னல் வழியாகத்தான் வாங்க வேண்டும். டாக்டர் வேண்டுமென்றால் 116117 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் 112.