ஷெஃபீல்டிலிருந்து ஸ்வீடனுக்கு: ‘சூசைட் சீசன்’ கேட்ட அனுபவங்கள்

2008இல் நான் ஷெஃபீல்டில் முதுநிலை மாணவன். உடன் தங்கியிருந்தவர்களில் ஒருவன் உள்ளூர்க்காரன், ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் பக்கம். பிரிங் மீ த ஹொரைசன் என்ற மெட்டல் (கனத்த ராக்) இசைக்குழுவின் பாடகர் ஆலிவர் சைக்ஸ் அந்தப் பக்கத்தில் வளர்ந்தவர் என்பதால் அவனுக்கு அந்தக் குழுமேல் பாசமும் உண்டு, எரிச்சலும் உண்டு. எரிச்சல்தான் கூடுதல். 2006இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பமான ‘கவுண்ட் யுவர் பிளெஸ்ஸிங்ஸ்’ஸை எனக்குப் போட்டுக் காட்டினான். அடித்தொண்டை உறுமல், இடையிடையே பன்றி வீறிடுவது போன்ற கீச்சொலி, ரிஃபுக்கு (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) மேல் ரிஃப். ஒரு பாட்டு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே எனக்குப் பிடிபடவில்லை.

செப்டம்பர் கடைசியில் இரண்டாவது ஆல்பமான ‘சூசைட் சீசன்’ வெளிவந்தது. காசு கொடுத்து வாங்கவே மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவனே வாங்கி வந்து சமையலறையில் ஒலிக்கவிட்டான். உறுமல் பெரும்பாலும் போய்விட்டது. இப்போது கத்தல், ஆனால் சொற்கள் புரிகிற கத்தல். அப்போதைய என் ஆங்கிலத்துக்கே புரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ‘செல்சீ ஸ்மைல்’ பாட்டின் நடுவில் எல்லாம் அடங்கி மின்னணு ஒலி மட்டும் மிச்சமிருக்கும் இடம் வந்ததும் சிடி நின்றுவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். அவன் கையமர்த்தினான். அடுத்து மொத்தக் குழுவும் திரும்பப் பாய்ந்தபோது அடுப்பில் இருந்ததை இருவருமே மறந்துவிட்டோம்.

* * *

நான் ஒலிப்பதிவுக்கூடத்தில் வேலை செய்பவள். எனக்கு இந்த ஆல்பத்தின் கதையில் பிடித்த மனிதர் தயாரிப்பாளர் ஃபிரெட்ரிக் நார்ட்ஸ்ட்ரோம். அட் த கேட்ஸ், இன் ஃபிளேம்ஸ், டார்க் டிராங்குவிலிட்டி என்ற குழுக்களின் வழியே, ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரத்து மெட்டலின் ஒலியை உருவாக்கியதில் பெரும் பங்கு அவருடையது. அவருடைய வேலையை ரசித்துத்தான் ஷெஃபீல்டு இளைஞர்கள் அவரைத் தேடி ஸ்வீடனுக்குப் போனார்கள். அவருக்கோ அவர்களின் முதல் ஆல்பம் பிடிக்கவில்லை. தொடக்க அமர்வுகளுக்கு வரவே இல்லை. பிறகு புதிய பாட்டுகள் காதில் விழுந்ததும் அவரே முழுமூச்சாக இறங்கிவிட்டார்.

இதை வெறும் சுவையான துணுக்காக நான் பார்க்கவில்லை. தயாரிப்பாளர் வராத நாட்களில் ஒரு குழு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். பல குழுக்கள் சோர்ந்துபோய், பழைய பாட்டுகளையே கொஞ்சம் மாற்றி வாசித்துவிட்டுக் கிளம்பும். இவர்கள் அவர் வருவதற்குள்ளேயே தங்கள் புதிய ஒலியைக் கண்டுபிடித்திருந்தார்கள். முதல் ஆல்பத்தைப் பர்மிங்காம் நகருக்குள் பதிவு செய்தார்கள். இதற்கு ஊரும் கூட்டாளிகளும் எட்டாத தூரத்தில் இருந்தார்கள். அந்தத் தனிமையும் உதவியிருக்கும் என்பது என் ஊகம்.

எங்களிடம் வரும் இளம் குழுக்கள் இந்த ஆல்பத்தைப் போட்டு, “இவ்வளவு கனமாக வேண்டும்” என்பார்கள். உடனே கை ஆம்ப்ளிஃபயரின் திருகுக்குப் போகும். டிஸ்டார்ஷனை, அதாவது கிட்டார் ஒலியின் கரகரப்பை, கூட்டக் கூட்ட ஒலி நொறுங்கிக் கூழாகிவிடும் என்பதை வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள். அதனால் குறைத்துவிட்டு, ஒரே ரிஃபை அச்சுப் பிசகாமல் மறுபடி வாசிக்கச் சொல்லி, ஒரு பதிவை இடப்பக்க ஒலிபெருக்கியிலும் மற்றதை வலப்பக்கத்திலும் வைத்துக் காட்டுவேன். முகம் மாறும். பிரேக்டவுனில், அதாவது பாட்டு வேகம் தணிந்து கனமாக இறங்கும் இடத்தில், கிட்டாரும் காலால் அடிக்கும் கிக் டிரம்மும் ஒரே கணத்தில் விழ வேண்டும்; இரண்டு அடிகளுக்கு நடுவே சுத்தமான அமைதி இருக்க வேண்டும். கனம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. ‘சூசைட் சீசன்’ இதைக் கற்றுக்கொண்ட ஆல்பம். முதல் ஆல்பத்தில் யாருக்கும் கையைச் சும்மா வைத்திருக்கப் பொறுமை இல்லை!

* * *

மேலே எழுதிய இருவரும் மன்னிக்க வேண்டும், நான் முதல் ஆல்பத்தின் கட்சி. கிட்டார் கலைஞர் லீ மாலியாவின் வேகமான ரிஃப்கள் அதில்தான் இருக்கின்றன. இரண்டாவதில் ஆர்க்கிடெக்ட்ஸ் குழுவின் சாம் கார்ட்டர் சேர்ந்து பாடும் ‘த சேட்னஸ் வில் நெவர் எண்ட்’ நல்ல பாட்டுதான், மறுக்கவில்லை. எட்டு நிமிடத்துக்கு மேல் நீளும் கடைசிப் பாட்டையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 2009இல் அதே ஆல்பத்தை ரீமிக்ஸ்களோடு (பிறர் மாற்றியமைத்த வடிவங்களோடு) ‘கட் அப்’ என்று மறுபடி வெளியிட்டார்களே, மின்னணு இசைக்காரர் ஸ்கிரில்லெக்ஸ் எல்லாம் வந்தாரே, அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இவர்கள் பழைய ஒலிக்குத் திரும்பி வரப்போவதில்லை என்று. அதே ஆண்டு கிட்டார் கலைஞர் கர்ட்டிஸ் வார்டும் விலகினார்.

பல ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தில் அவர்களுடைய நிகழ்ச்சி ஒன்றுக்குப் போனேன். இரண்டு பாட்டுகளுக்கு நடுவில் கிடைத்த அமைதியில், முதல் ஆல்பத்தின் ‘பிரே ஃபார் பிளேக்ஸ்’ வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்தில் நின்ற பையனுக்குப் பதினாறு வயதுகூட இருக்காது. மரியாதையாகத்தான் கேட்டான்: “அது எந்தக் குழுவின் பாட்டு, சார்?”