அந்தத் தாயும் நாம் எழுதுவதைப் படிக்கக்கூடும்

எல்லோருக்கும் வணக்கம்.

நான் இந்தக் குழுவில் அதிகம் எழுதுகிறவள் இல்லை, வருவதைப் படித்துவிட்டுப் பேசாமல் போகிறவள். ஆனால் மூன்று நாளாக அந்தக் காணாமற்போன பெண்ணையும் அவருடைய கைக்குழந்தையையும் பற்றி ஓடுகிற மடல்களைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. முதல் மடல் நல்லபடியாகத்தான் வந்தது. படம், கடைசியாகப் பார்த்த நேரம், உடுத்தியிருந்த உடை, காவல்துறையின் எண். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. மறுநாள் காலை, ‘பேட்டியில் கணவர் கண் கலங்கவே இல்லையே, கவனித்தீர்களா’ என்று ஒரு மடல். அன்று மதியத்துக்குள் அதற்குப் பதினேழு பதில்கள். நேற்று இரவு ஒருவர் அந்தப் பெண்ணின் பழைய படங்களை எங்கிருந்தோ தேடி எடுத்து வந்து, எந்தப் படத்தில் குழந்தையை எப்படிப் பிடித்திருக்கிறார், எதில் முகத்தில் களை இல்லை என்று ஒவ்வொன்றாக எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று சொல்கிறேன். பல வருடம் முன்னால் நாங்கள் ஓர் அடுக்குமாடியில் குடியிருந்தோம். எதிர் வீட்டில் ஒரு பெண், நான்கு மாதக் குழந்தை, கணவர். ஒரு நாள் காலையில் பெண்ணும் இல்லை, குழந்தையும் இல்லை. வாசலில் குழந்தை வண்டி மட்டும் மடக்கி வைத்தபடி நின்றது, அதன் பிடியில் ஒரு சின்ன நீலக் காலுறை தொங்கிக்கொண்டிருந்தது. குடியிருப்புக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. ஆளாளுக்கு எழுத ஆரம்பித்தார்கள். நானும் ஒரே ஒரு வரி எழுதினேன்: ‘இந்த வாரம் இரண்டு தடவை நடு இரவில் ஒரு கார் அவரை இறக்கிவிட்டுப் போனதைப் பார்த்தேன்.’ நான் பார்த்தது உண்மைதான், கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. ஆனால் சாயங்காலத்துக்குள் அந்தக் காருக்கு ஓர் ஓட்டுநர் முளைத்தான், ஓட்டுநருக்கு ஒரு பெயர் வந்தது, பெயருக்கு ஓர் உறவு வந்தது. மூன்றாம் நாள், குழந்தையே யாருடையது என்ற கேள்வி வரைக்கும் போய்விட்டது.

பதினோராம் நாள் அவர் திரும்பி வந்தார். குழந்தைக்கும் ஒன்றுமில்லை. எல்லோரும் ‘அப்பாடா’ என்று ஒரு சொல் எழுதிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். இரண்டு மாதம் கழித்து லிஃப்டில் நாங்கள் இருவர் மட்டும் ஏற நேர்ந்தது. அவர் என்னைப் பார்க்காமல், எண்கள் மாறுகிற அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “ஐந்தாம் நாளே வந்துவிடலாம் என்று பையெல்லாம் கட்டிவிட்டேன் அக்கா. அப்புறம் அந்தக் குழுவைத் திறந்து பார்த்தேன்.”

அவர் அந்தக் குழுவில்தான் இருந்தார். உறுப்பினர் பட்டியலில் அவர் பெயர் அப்படியே இருந்தது, எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. காணாமற்போனவர் என்றால் காதும் கண்ணும் இல்லாதவர் என்று நினைத்துக்கொண்டோம். நடு இரவில் வந்த அந்தக் கார், குழந்தைக்குக் காய்ச்சல் என்று மருத்துவமனைக்குப் போய் வந்த வாடகைக் கார். ஏன் வீட்டை விட்டுப் போனார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கிற தகுதி எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

அதனால்தான் இங்கே யாராவது ‘சும்மா ஒரு சந்தேகம்தான்’ என்று தொடங்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது. இன்று அந்தப் பெண் உயிரோடு எங்கோ ஓர் அறையில் இருந்தால் (அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நம்மில் எல்லோரும் வேண்டிக்கொள்கிறோம், இல்லையா) அவர் கையிலும் ஒரு போன் இருக்கலாம். குழந்தை தூங்கிய பிறகு அவர் தன் பெயரைத் தேடிப் பார்ப்பார். அங்கே நாமும் நம்மைப் போன்ற ஆயிரம் பேரும் எழுதியது அவருக்குக் கிடைக்கும். திரும்பி வருவதா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அதைவிடப் பெரிய தடை என்ன இருக்கிறது?

‘அழவில்லை’ என்பதைச் சாட்சியாக எடுத்துக்கொள்கிற நண்பர்களுக்கு ஆஸ்திரேலியாவில் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். 1980 ஆகஸ்ட் 17 இரவு, உலுரு பாறை அருகே கூடாரம் அடித்திருந்த ஒரு குடும்பத்தின் ஒன்பது வாரக் குழந்தை அசாரியா காணாமற்போனாள். டிங்கோ என்கிற காட்டு நாய் குழந்தையை எடுத்துப் போய்விட்டது என்று தாய் லிண்டி சேம்பர்லின் அலறினார். பக்கத்துக் கூடாரங்களில் இருந்தவர்கள் அவரை நம்பினார்கள். தடம் பார்ப்பதில் தேர்ந்த பழங்குடியினர் டிங்கோவின் தடங்களைக் கண்டு சொன்னார்கள். 1981-இல் நடந்த முதல் மரண விசாரணையும் டிங்கோதான் என்றது. ஆனால் தொலைக்காட்சியில் அந்தத் தாயைப் பார்த்த நாடு நம்பவில்லை. அழவில்லை, நிதானமாகப் பேசுகிறார், அலங்காரமாக உடுத்துகிறார் என்றார்கள். குழந்தைக்குக் கறுப்பு உடை போட்டாராம் என்றார்கள். அசாரியா என்ற பெயருக்கு ‘பாலைவனத்தில் பலி’ என்று பொருளாம் என்றும் ஒரு கதை கிளம்பியது. அந்த எபிரேயப் பெயருக்குக் கடவுள் துணைநின்றார் என்றுதான் பொருள். யாராவது ஓர் அகராதியைப் புரட்டியிருந்தால் போதும், புரட்டவில்லை.

1982 அக்டோபரில் கொலைக் குற்றம் என்று ஆயுள் தண்டனை. அப்போது லிண்டி நிறைமாதக் கர்ப்பிணி, அடுத்த மாதம் பிறந்த பெண் குழந்தையை உடனே அவரிடமிருந்து பிரித்துவிட்டார்கள். காரில் குழந்தையின் இரத்தம் என்று ஆய்வாளர் சொன்னது பிறகு நிற்கவில்லை. அதில் ஒரு பகுதி, சத்தம் குறைக்க வண்டித் தொழிற்சாலையில் தெளிக்கும் பூச்சு. குழந்தை மேலே ஒரு பின்னல் சட்டை போட்டிருந்தாள் என்று தாய் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார், ‘அப்படி ஒன்று இருந்தால் எங்கே’ என்று அதையும் பொய்யாக்கினார்கள். 1986-இல் அதே பாறையிலிருந்து விழுந்து இறந்த வேறொருவரைத் தேடப் போன இடத்தில், டிங்கோக்களின் வளைகள் இருக்கிற பகுதியில், எலுமிச்சை நிறக் கரை போட்ட அந்தச் சின்ன வெள்ளைச் சட்டை மண்ணில் பாதி புதைந்து கிடந்தது. லிண்டியை விடுதலை செய்தார்கள். 1988-இல் தண்டனை ரத்தானது. இறப்புச் சான்றிதழில் டிங்கோ என்று எழுத 2012 வரை, முப்பத்திரண்டு வருடம் ஆனது.

எனக்கு இதில் மனதை விட்டுப் போகாதது ஒன்றுதான். அந்த இருட்டில் பக்கத்தில் நின்றவர்கள் நம்பினார்கள். தொலைவில் திரையில் பார்த்தவர்கள்தான் கண் காது மூக்கு வைத்துக் கதை கட்டினார்கள். நாம் இப்போது எங்கே இருக்கிறோம்? ஆளுக்கொரு நாட்டில், ஆளுக்கொரு திரையின் முன்னால்.

அது பழைய காலம், இப்போது மக்களுக்கு விவரம் தெரியும் என்று சொல்ல முடியாது. 2023 ஜனவரியில் இங்கிலாந்தின் லங்காஷயரில் இரண்டு சிறு பெண் குழந்தைகளின் தாய் ஒருவர் ஆற்றங்கரையில் நாயோடு நடக்கப் போய்க் காணாமற்போனார். அவருடைய போன் கரையில் உட்காரும் ஒரு பெஞ்சு மேல் கிடந்தது, அலுவலகக் கூட்டத்தின் இணைப்புகூடத் துண்டிக்கப்படாமல். அவ்வளவு போதும், இணையத்தில் ஆளாளுக்குத் துப்பறிய ஆரம்பித்துவிட்டார்கள். எங்கிருந்தோ கிளம்பி அந்தச் சின்னக் கிராமத்துக்கே வந்து, தோட்டங்களுக்குள் நுழைந்து, வீடியோ எடுத்துப் போட்டார்கள். கூட்டத்தைக் கலைப்பதற்கே காவல்துறை உத்தரவு போட வேண்டியிருந்தது. காவல்துறையும் தன் பங்குக்கு அவருடைய உடல்நிலையையும் குடிப்பழக்கத்தையும் பொதுவில் சொல்லி, அதற்காகக் கடுமையான கண்டனத்தை வாங்கிக்கொண்டது. இருபது நாளுக்கு மேல் கழித்து உடல் அதே ஆற்றில், கொஞ்ச தூரம் கீழே கிடைத்தது. ஜூன் மாத விசாரணையில் முடிவு: தவறி விழுந்து மூழ்கினார். வேறு யாருக்கும் அதில் பங்கில்லை. அந்தக் குழந்தைகள் வளர்ந்து தங்கள் அம்மாவின் பெயரைத் தேடும் நாள் வரும். அவர்கள் கண்ணில் முதலில் படப்போவது எது என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

அடுத்து, ‘பெற்ற குழந்தையை ஒரு தாய் இப்படித் தூக்கிக்கொண்டு அலைவாளா, மனம் எப்படி வந்தது’ என்று கேட்ட அக்காவுக்கு. அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். பிரசவத்துக்குப் பிறகு ஆயிரத்தில் ஒன்றிரண்டு பெண்களுக்கு மனம் நிஜத்திலிருந்தே விலகிப்போகிற கடுமையான நோய் வருகிறது, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள். நாள்கணக்கில் தூக்கமே இருக்காது, யாரோ குழந்தையைப் பறிக்க வருகிறார்கள் என்று உறுதியாகத் தோன்றும், இல்லாத குரல் கேட்கும். அப்படி ஒரு தாய் குழந்தையோடு ஓடினால், தன் மனதில் அவர் குழந்தையைக் காப்பாற்றத்தான் ஓடுகிறார். உடனே மருத்துவரிடம் சேர்த்தால் நன்றாகக் குணமாகிற நோய் அது. இதைவிடப் பரவலாக இருப்பது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு. வெளியே சிரித்துக்கொண்டு உள்ளே இற்றுப்போகிறவர்கள் நம் வீடுகளிலும் உண்டு. இந்தப் பெண்ணுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொன்னால் நானும் ஊகம்தான் செய்கிறேன். ‘மனம் எப்படி வந்தது’ என்ற கேள்விக்கு நமக்குத் தெரியாத பதில்கள் நிறைய இருக்கின்றன என்று மட்டும் சொல்கிறேன்.

அடி உதைக்குப் பயந்து ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஓடியவராக இருந்தால், ‘நேற்று இந்தப் பேருந்து நிலையத்தில் பார்த்த மாதிரி இருந்தது’ என்று நாம் பொதுவில் போடும் ஒரு வரி யாருக்குப் போய்ச் சேரும் என்று யோசியுங்கள். தேடுகிறவன் எல்லாம் நல்லவன் இல்லை. காணாமற்போன வயதுவந்த ஒருவரைக் கண்டுபிடித்தால் பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளில் காவல்துறை ‘நலமாக இருக்கிறார்’ என்று மட்டும் குடும்பத்துக்குச் சொல்லும். அவர் சம்மதம் இல்லாமல் இருக்குமிடத்தைச் சொல்லாது. அந்த வழக்கத்துக்கு இந்தப் பயமும் ஒரு காரணம். அதனால் பார்த்தவர் நேராக முதல் மடலில் இருக்கிற காவல்துறை எண்ணுக்குச் சொல்லுங்கள், நேரம், இடம், உடன் யார், எந்தப் பக்கம் போனார்கள் என்று கண்ணால் கண்டதை மட்டும். இங்கே வேண்டாம்.

‘நாலு பேர் பேசினால்தான் காவல்துறை அசையும்’ என்று எழுதிய அண்ணன் சொல்வதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். புகார் கொடுக்கப் போனவர்களை ‘ஒரு நாள் பொறுங்கள், வந்துவிடுவார்’ என்று திருப்பி அனுப்பிய கதைகள் எல்லோருக்கும் தெரியும். குழந்தை காணவில்லை என்றால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கத் தேவையில்லை. அந்த இடத்தில் பத்துப் பேர் சேர்ந்து குரல் கொடுக்க வேண்டியதுதான், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ‘ஏன் இன்னும் தேடவில்லை’ என்று கேட்பதும் ‘அந்த மாமியாரைப் பார்த்தாலே தெரிகிறது’ என்று எழுதுவதும் ஒன்றா அண்ணா? இரண்டாவது வகை மடல் ஒவ்வொன்றும் வெளியே பரவி, தகவல் என்ற பெயரில் அந்த எண்ணுக்கே அழைப்பாகப் போகிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர் நூறு வீண் அழைப்பைக் கேட்டு முடித்துத்தான் உண்மையான ஒன்றுக்கு வர முடியும். சில விவரங்களைக் காவல்துறை வேண்டுமென்றே வெளியே விடாமல் வைத்திருக்கும், சொல்கிறவர் நிஜமாகவே பார்த்தவர்தானா என்று உரசிப் பார்க்க. எதையோ மறைக்கிறார்கள் என்று அதையும் நாம் சதியாக்கிவிடுகிறோம்.

குழுவைப் பார்த்துக்கொள்ளும் தம்பிக்கு ஒரு வேண்டுகோள். நேற்றிரவு வந்த அந்தப் பழைய படங்கள் உள்ள மடலையும், கணவர் வீட்டு முகவரி இருக்கும் மடலையும் சேமிப்பிலிருந்தே எடுத்துவிடுங்கள். முதல் மடலை மட்டும் வைத்திருங்கள். அவர்கள் கிடைத்துவிட்டால் அதையும் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். நான் பழைய குடியிருப்பில் கண்டேன், திரும்பி வந்து ஆறு மாதம் ஆன பிறகும் ‘காணவில்லை’ என்ற படம் யார் யார் போனிலோ சுற்றிக்கொண்டிருந்தது, கடையில் ஒருவர் அந்தப் பெண்ணை நிறுத்தி ‘நீங்கள் அவர்தானே’ என்று கேட்டார்.

இன்று காலை அந்த முதல் மடலை அச்சிட்டு, எங்கள் கட்டடத்தில் பணிபுரியும் பாதுகாவலரிடம் கொடுத்தேன். நடந்தது என்ன என்று அவரும் கேட்டார். தெரியாது, இந்த எண் மட்டும் சரியாகத் தெரியும் என்றேன். வாசற்கதவுக்குப் பக்கத்தில் கண் மட்டத்தில் ஒட்டியிருக்கிறார்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி